ஏரியில் யாருக்கு என்ன வேலை? வேடந்தாங்கலை வைத்துச் சில சூழலியல் பாடங்கள்

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரி அப்படியொன்றும் பெரியதில்லை. சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர் பரப்புள்ள பாசன ஏரி. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சிலர் அங்கே அடைந்திருந்த பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கொதித்துப்போய்ச் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். இந்த ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ் ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். 1858-இல் ஊரார் அந்த உரிமையை மறுபடி புதுப்பித்து வாங்கிக்கொண்டார்கள்.

பறவைகள் மீதிருந்த பாசம் மட்டும் இதற்குக் காரணமில்லை. எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானியர் சூழலியலுக்குப் பெயர் வைத்ததே 1866-இல்தான். அதற்கு முன்பே இங்கே நாரைக்கும் நெல்லுக்கும் உள்ள தொடர்பை வைத்து ஓர் ஊர் அதிகாரியிடம் போய் வாதாடியிருக்கிறது.

சூழலியல் பாடப்புத்தகத்தில் வரும் சொற்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் இந்த ஒரு ஏரியை வைத்தே சொல்லிவிடலாம். எந்த உயிரைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது எங்கிருந்து வாங்குகிறது? யாரிடம் விடுகிறது? பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது எளிது.

தனி உயிரிலிருந்து சூழல் மண்டலம் வரை

ஏரியில் மிதக்கும் ஒரு கூழைக்கடா ஒரு தனி உயிரி. தங்களுக்குள் இணைசேர்ந்து, மேலும் இனம் பெருக்கக்கூடிய குஞ்சுகளைப் பெறும் கூழைக்கடாக்கள் எல்லாம் ஒரு சிற்றினம். அந்தச் சிற்றினத்தில் இந்த ஏரியில் இப்போது இருப்பவை மட்டும் ஓர் இனக்கூட்டம். இனக்கூட்டத்துக்குக் கணக்கு உண்டு: பிறந்தது எத்தனை, செத்தது எத்தனை, வந்து சேர்ந்தது எத்தனை, கிளம்பிப் போனது எத்தனை. ஓர் இடத்து உணவும் இடவசதியும் எத்தனை பேரைத் தொடர்ந்து தாங்குமோ அதைத் தாங்குதிறன் என்கிறோம். மழை பொய்த்த ஆண்டில் ஏரியின் தாங்குதிறன் குறையும், கூடுகளும் குறையும்.

கூழைக்கடா, நாரை, விரால், நத்தை, தவளை, தாமரை, பாசி, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா என்று அங்கே வாழும் எல்லா இனக்கூட்டங்களும் சேர்ந்தது உயிரினச் சமுதாயம். அதோடு தண்ணீர், சேறு, வெயில், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன், உப்புகள் ஆகிய உயிரற்ற காரணிகளையும் சேர்த்துப் பார்த்தால் அது சூழல் மண்டலம். உயிருள்ளதையும் உயிரற்றதையும் பிரிக்காமல் ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று 1935-இல் வலியுறுத்தியவர் ஆர்தர் டான்ஸ்லி என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர்.

சரி, ஏரியின் சூழல் மண்டலம் எங்கே முடிகிறது? கரையோடு முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் வேடந்தாங்கல் பறவைகளில் பெரும்பாலானவை இங்கே தங்கி, நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. இரைக்கு மட்டும் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து போகின்றன. மீனை எங்கோ விழுங்கிவிட்டு எச்சத்தை இங்கே போடுகின்றன. அந்தத் தண்ணீர் மதகு வழியாக நெல்வயலுக்குப் போகிறது. ஆகவே எல்லை என்பது ஆராய்கிறவர் தம் வசதிக்குப் போட்டுக்கொள்ளும் கோடுதான். ஒரு சூழல் மண்டலத்தின் உரம் இன்னொன்றின் மீனிலிருந்து வருவது சாதாரணம்.

ஒரே தண்ணீர், வேறு வேறு அலகு

வாழிடம் என்றால் ஓர் உயிர் வசிக்கும் இடம். செயல்வாழிடம் என்றால் அந்த இடத்தில் அது எப்படிப் பிழைக்கிறது என்பது முழுவதும்: என்ன தின்கிறது, எந்த நேரத்தில், எந்த ஆழத்தில், எங்கே கூடு, யாருக்கு இரை. புதிதாகப் படிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வது வழக்கம். பறவைகளின் அலகைப் பார்த்தால் குழப்பம் போய்விடும்.

நீர்க்காகம் முங்கி மீனைத் துரத்திப் பிடிக்கிறது. பாம்புத்தாராவும் முங்கும், ஆனால் கூரிய அலகால் மீனைக் குத்தி எடுக்கும். கூழைக்கடா அலகின் கீழே தொங்கும் பையால் தண்ணீரோடு சேர்த்து மீனை அள்ளும். மஞ்சள் மூக்கு நாரை அலகை லேசாகத் திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நடக்கும். ஏதாவது தட்டுப்பட்டால் உடனே மூடிக்கொள்ளும். கண்ணைவிடத் தொடுஉணர்வையே நம்பும் வேட்டை அது. கலங்கிய தண்ணீரிலும் பலிக்கும். கரண்டிவாயன் அலகை இடமும் வலமும் ஆட்டிச் சலித்துக்கொண்டே போகும். வக்காவுக்கு இரவுநேர வேலை. மற்றவை மரத்துக்குத் திரும்பும் நேரத்தில் அது இரைக்குக் கிளம்பும்.

எனக்குப் பிடித்தது நத்தை குத்தி நாரை. வளர்ந்த பறவையின் மேலலகும் கீழலகும் நுனியில் ஒட்டும், நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருக்கும். சின்னக் குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். பாக்குவெட்டி மாதிரி அதில் வைத்து நத்தை ஓட்டை நொறுக்கும் என்று ரொம்ப நாள் நம்பப்பட்டது. உண்மையில் அது ஓட்டை நொறுக்குவதில்லை. கீழலகின் கூர்முனையை ஓட்டின் வாய்க்குள் நுழைத்து, உடலை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுத்துவிடுகிறது. ஒரு நத்தைக்கு இவ்வளவு நுணுக்கமான கைவேலை தெரிந்த பறவைக்கு நீர்க்காகத்தோடு மீனுக்குச் சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் வாழிடம் ஒன்று, செயல்வாழிடம் வேறு. இரண்டு சிற்றினங்கள் ஒரே செயல்வாழிடத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நீண்ட காலம் நீடிக்க முடியாது என்பதை ரஷ்ய அறிவியலாளர் கவுஸ் 1930-களில் சோதித்துக் காட்டினார். பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரியில் இரண்டு வகைகளை ஒரே குடுவையில் ஒரே இரையை நம்பி வளரவிட்டார். ஒன்று தழைத்தது, மற்றது அழிந்தது. போட்டி விலக்கல் என்று இதற்குப் பெயர். ஏரியில் அத்தனை பறவைகள் கூடி வாழ முடிவதற்கு வேலையும் நேரமும் ஆழமும் பிரிந்திருப்பது ஒரு முக்கியக் காரணம்.

சமைப்பவை, சாப்பிடுபவை

உற்பத்தியாளர் என்பவை வெயிலையும் கரியமில வாயுவையும் தண்ணீரையும் கொண்டு தம் உணவைத் தாமே தயாரிப்பவை. ஏரி என்றதும் தாமரை, அல்லி, கோரை, சம்பு என்று கண்ணில் படுபவைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஏரித் தண்ணீரின் பச்சை நிறத்துக்குக் காரணமான, நுண்ணோக்கி இல்லாமல் தெரியாத தாவர மிதவை உயிரிகள்தான் பல நீர்நிலைகளில் பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. நீலப்பச்சைப்பாசி என்று சொல்கிறோமே, அது உண்மையில் பாக்டீரியா வகை, ஆனாலும் உற்பத்தியாளர்தான். பார்க்க வேண்டியது செய்கிற வேலையை, உருவத்தை அல்ல.

வெயிலே இல்லாமலும் உற்பத்தி நடக்கும். 1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே ஆழ்கடலில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்கள். அங்கே சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் எடுத்து உணவு தயாரிக்கின்றன. அவற்றை நம்பிப் புழுக்களும் சிப்பிகளும் வாழ்கின்றன. நம் ஏரியில் இதற்குப் பெரிய இடமில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

நுகர்வோர் என்பவை பிறர் தயாரித்ததைத் தின்பவை. பாசியைத் தின்னும் நீர்த்தெள்ளும் நத்தையும் முதல்நிலை. நீர்த்தெள்ளைத் தின்னும் பொடிமீன் இரண்டாம் நிலை. பொடிமீனைத் தின்னும் விரால் மூன்றாம் நிலை. அந்த விராலையும் கால் நகங்களால் கொத்திக்கொண்டு போகும் விராலடிப்பான் அதற்கும் மேலே. குளிர்காலத்தில் வலசை வரும் வேட்டைப்பறவை அது. இப்படி வரிசையாகப் போவது உணவுச்சங்கிலி. ஒவ்வொரு படியும் ஓர் உணவூட்ட நிலை.

படத்தில் அம்புக்குறி போடும்போது மாணவர்கள் அடிக்கடி தடுமாறுவார்கள். அம்பு தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போக வேண்டும். யார் யாரைத் தாக்கினார் என்று அம்பு சொல்லவில்லை. ஆற்றல் எந்தப் பக்கம் போனது என்று சொல்கிறது.

புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று பாடப்புத்தகத்தில் ஒரே கோடாகப் போட்டிருப்பார்கள். கற்றுக்கொடுக்க வசதியான படம்தான், ஆனால் அதையே உண்மை என்று எடுத்துக்கொண்டால் வம்பு. ஏரித் தவளையையே பாருங்கள். தலைப்பிரட்டையாக இருக்கும்போது பெரும்பாலும் பாசியைச் சுரண்டித் தின்கிறது, முதல்நிலை நுகர்வோர். வாலை இழந்து கரையேறியதும் பூச்சி பிடிக்கிறது, அதாவது இரண்டாம் நிலை, சில சமயம் மூன்றாம் நிலை. தட்டான் இன்னும் கெட்டிக்காரன். குஞ்சாகத் தண்ணீருக்குள் இருக்கும்போது கொசுப்புழுவையும் தலைப்பிரட்டையையும் ஏன், பொடிமீனையும்கூடப் பிடித்துத் தின்னும். பொடிமீனின் பெரியண்ணன்கள் திரும்ப அதைத் தின்னும். சிறகு முளைத்துப் பறக்கும்போது பஞ்சுருட்டான் பறவைக்கு இரையாகும். பெண்கொசு முட்டையை வளர்க்க நம் இரத்தத்தைக் குடிக்கிறது. ஆண்கொசுவோ பூந்தேனோடு சரி. காகத்தை எந்தப் படியில் வைப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. தாவரம், விலங்கு இரண்டையும் தின்னும் இவற்றை அனைத்துண்ணி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இத்தனை குறுக்கு நெடுக்குத் தொடர்புகளையும் சேர்த்துப் போட்டால் கிடைப்பது உணவு வலை. அதில் ஓர் இழை அறுந்தால் மற்ற இழைகள் கொஞ்ச நாள் பாரத்தைத் தாங்கும். ஒற்றைச் சங்கிலிக்கு அந்த வசதி கிடையாது.

எல்லைக்கோட்டில் நிற்கும் உயிர்களும் உண்டு. பூச்சி பிடிக்கும் யூட்ரிக்குலேரியா என்ற நீர்த்தாவரம் சின்னப் பைகளில் நீர்ப்பூச்சிகளைச் சிக்கவைத்துச் செரிக்கிறது. அப்படியானால் அது நுகர்வோரா? ஆற்றலை அது வெயிலிலிருந்துதான் எடுக்கிறது. பூச்சியிடமிருந்து வேண்டியது முக்கியமாகத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்). ஆகவே உற்பத்தியாளர் பட்டியலிலேயே வைக்கிறார்கள்.

ஏன் விராலடிப்பான்கள் நிறைய இல்லை

ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆற்றலில் பெரும்பகுதி கழிந்துவிடும். தின்றதில் ஒரு பங்கு செரிக்காமல் எச்சமாகப் போகிறது. செரித்ததில் பெரும்பங்கு மூச்சுவிட, நீந்த, பறக்க, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளச் செலவாகி வெப்பமாகக் காற்றில் கலந்துவிடுகிறது. உடம்பில் சதையாக ஒட்டுவது மிச்சம்தான். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சின்ன ஏரியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ரேமண்ட் லிண்டெமன் 1942-இல் வெளியான கட்டுரையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். கட்டுரை அச்சாகும் முன்பே, 26 வயதிலேயே இறந்துவிட்டார். பத்து சதவீத விதி என்று நாம் படிப்பதன் வேர் அங்கேதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10,000 கிலோ பாசி 1,000 கிலோ நீர்த்தெள்ளை வளர்க்கும். அது 100 கிலோ பொடிமீனை. அது 10 கிலோ விராலை. அது 1 கிலோ விராலடிப்பானை. வளர்ந்த ஒரு பறவையே ஒரு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். ஒற்றைப் பறவையின் உடம்புக்குப் பின்னால் பத்து டன் பாசி நிற்கிறது. இதனால்தான் சங்கிலி நான்கைந்து கண்ணிக்கு மேல் நீள்வது அரிது. பத்து சதவீதம் என்பது கைக்கணக்கு. இடத்துக்கும் உயிருக்கும் ஏற்றபடி கூடும் குறையும்.

உணவூட்ட நிலைகளை உற்பத்தியாளரிலிருந்து மேல்நோக்கி அடுக்கிக் காட்டும் பிரமிடு படம் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆற்றல் பிரமிடு ஒருநாளும் தலைகீழாகாது. எண்ணிக்கைப் பிரமிடு ஆகும்: ஒரே ஆலமரத்தில் ஆயிரக்கணக்கான பூச்சிகள். எடைப் பிரமிடும் தண்ணீரில் சில வேளை தலைகீழாகும். மிதவைப் பாசி வேகமாகப் பெருகி, பெருகப் பெருகத் தின்னப்படுகிறது. எந்த நேரத்தில் நிறுத்துப் பார்த்தாலும் பாசி கொஞ்சமாகவும் தின்பவை அதிகமாகவும் இருக்கலாம்.

ஆற்றல் படிப்படியாகக் குறைகிறது, ஆனால் உடம்பில் தங்கும் நஞ்சு படிப்படியாகக் கூடுகிறது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி தண்ணீரில் கரையாமல் கொழுப்பில் தங்கிவிடும். பாசியில் துளியாக இருப்பது மீனில் சேர்ந்து, மீனைத் தின்னும் பறவையில் பல மடங்காகும். இதற்கு உயிரியல் உருப்பெருக்கம் என்று பெயர். அமெரிக்காவில் விராலடிப்பான்களின் முட்டை ஓடுகள் இதனால் மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கின. அங்கே 1972-இல் டிடிடியைத் தடை செய்தார்கள்.

கண்ணில் படாத வேலைக்காரர்கள்

ஆற்றல் ஒருவழிப் பாதை: வெயிலில் தொடங்கி வெப்பத்தில் முடியும், திரும்பி வராது. தழைச்சத்து, மணிச்சத்து, கரி போன்ற பொருள்கள் அப்படியில்லை, சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சுற்று ஓடுவதற்குக் காரணமானவர்களைப் பாடப்புத்தகம் கடைசிப் பத்தியில் இரண்டு வரியில் முடித்துவிடும். எனக்கு அதில் ரொம்ப நாள் குறை உண்டு.

மூன்று வகை ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். செத்த உடலைத் தின்பவை பிணந்தின்னிகள்: பாறு (பிணந்தின்னிக் கழுகு), காகம், நரி. உதிர்ந்த இலை, சாணம் போன்ற மட்கும் பொருளைக் கடித்துப் பொடியாக்கித் தின்பவை மட்குண்ணிகள்: மண்புழு, மரவட்டை, சாணி வண்டு. வாயே இல்லாமல், உடலுக்கு வெளியே நொதிகளைச் சுரந்து பொருளைக் கரைத்து உறிஞ்சுபவை சிதைப்பவை: பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும்.

வேலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் மழைக்காலத்தில் மாடு மேயும் கரையில் காய்ந்தும் காயாமலும் கிடக்கும் ஒரு சாணத்தைக் குச்சியால் புரட்டுங்கள். மேல்தோல் கெட்டியாக இருக்கும், உள்ளே ஈரம். சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். சாணி வண்டுகள் அங்கிருந்து மண்ணுக்குள் சுரங்கம் போட்டுச் சாணத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கும். சில வகை வண்டுகள் உருண்டை பிடித்துப் பின்னங்காலால் உருட்டிக்கொண்டு போகும். ஈயின் புழுக்கள் நெளியும். அடியில் மண்ணோடு ஒட்டிய இடத்தில் வெள்ளை நூல் போலப் படர்ந்திருப்பது பூஞ்சை. வண்டும் புழுவும் துண்டாக்கித் தந்ததைத்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் சுலபமாகக் கரைக்கின்றன.

இப்போது வேடந்தாங்கல் எச்சத்துக்கு வருவோம். பறவை எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் யூரிக் அமிலம். தழைச்சத்து அதில்தான் இருக்கிறது, ஆனால் பயிர் முக்கியமாக எடுத்துக்கொள்வது அந்த வடிவத்தில் அல்ல. தண்ணீரிலும் சேற்றிலும் உள்ள நுண்ணுயிரிகள் அதை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. வேறு சில பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்குகின்றன. இந்த இரண்டு வடிவத்தில்தான் பாசியும் நெல்லும் தழைச்சத்தை உறிஞ்சுகின்றன. நாரையின் பங்கு சரக்கைக் கொண்டுவந்து இறக்குவதோடு முடிந்தது. அதை உரமாக்கித் தந்தது பாக்டீரியா. கலெக்டரிடம் போன ஊரார் தம்மையறியாமல் பாக்டீரியாவுக்கும் சேர்த்துத்தான் வாதாடினார்கள்.

உரம் அளவுக்கு மீறினால் அதே ஆட்கள் ஏரியைச் சாகடிப்பார்கள். சாக்கடையும் வயல் உரமும் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தால் பாசி மண்டும். மிகையூட்டம் என்று இதற்குப் பெயர். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் வெயில் இல்லாததால் அதுவும் மூச்சுக்கு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மண்டிய பாசி செத்து அடியில் விழ, அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் பெருகி மிச்ச ஆக்சிஜனையும் தீர்க்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை மீன் வளர்ப்பவர்கள் பார்த்தால் உடனே பதறுவது இதனால்தான். அன்று காற்றோட்டம் கொடுக்காவிட்டால் பொழுது ஏறுவதற்குள் மீன்கள் செத்து மிதக்கும்.

பிணந்தின்னிகள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்தியா நேரடியாகவே பார்த்தது. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்து அர்ச்சகர் கையால் உணவு வாங்கிக்கொள்வது பேர்பெற்ற காட்சி. 1990-களின் இறுதிக்குப் பின் அவை வருவதில்லை. அந்தப் பத்தாண்டில்தான் நாடு முழுவதும் பாறுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு உள்ளிட்ட மூன்று இனங்களின் எண்ணிக்கை 95 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். பாறுகள் விட்ட இடத்தைத் தெருநாய்கள் பிடித்துக்கொண்டன. ஆனால் கூட்டமாக இறங்கி ஒரு மாட்டை எலும்பு மட்டும் மிஞ்சத் தின்று முடிக்கும் பாறின் வேகம் நாய்க்குக் கிடையாது. நாயோடு வெறிநோய் அச்சமும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இப்போது பாறுகள் கூடு கட்டிப் பிழைத்திருப்பது முக்கியமாக நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில்.

கூட்டாளி, ஒட்டுண்ணி, சும்மா கூட வருபவர்

தின்பதும் தின்னப்படுவதும் மட்டுமே உறவில்லை. மேயும் மாட்டின் காலடியிலேயே நடக்கும் உண்ணிக்கொக்கு, மாடு கிளப்பிவிடும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கிறது. கொக்குக்கு லாபம், மாட்டுக்குப் பெரிதாக நட்டமும் இல்லை லாபமும் இல்லை. இது உடன் உண்ணும் நிலை. காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும் குயில் ஒட்டுண்ணி. அதன் குஞ்சுக்கு ஊட்டிக் களைக்கும் காகம் ஓம்புயிர். இரு பக்கமும் லாபம் என்றால் ஒருங்குயிரி நிலை. செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் கறுப்பு. அது ஒரே உயிரல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டு. பாசி சமைக்கிறது, பூஞ்சை ஈரத்தைப் பிடித்து வைத்து இடம் கொடுக்கிறது. இந்த வகை உயிர்கள் காற்று மாசைத் தாங்குவதில்லை. கந்தக டை ஆக்சைடு கூடிய ஊர்களில் மரப்பட்டைகளிலிருந்து முதலில் காணாமல் போவது இவைதான். அதனால் சுட்டிக்காட்டும் இனம் என்ற வேலையும் இவற்றுக்கு உண்டு.

கூட்டாளி உறவில் உச்சம் அத்திக் குடும்பம். ஆல், அரசு, அத்தி எல்லாவற்றுக்கும் பூ உருண்டையான காய்க்குள்ளே ஒளிந்திருக்கும். மகரந்தத்தோடு வரும் மிகச் சின்னப் பெண்குளவி நுனித் துளை வழியே நெருக்கி நுழைகிறது. பெரும்பாலும் அதிலேயே சிறகுகள் பிய்ந்துவிடும். உள்ளே மகரந்தத்தைச் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டுச் செத்துப்போகிறது. பிறகு உள்ளே பொரியும் ஆண்குளவிகளுக்குச் சிறகே கிடையாது. அவை இணைசேர்ந்து, வெளியே போக வழி குடைந்து கொடுத்துவிட்டு மடிகின்றன. இளம் பெண்குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த மரம் தேடிப் பறக்கின்றன. அவற்றுக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் காய் பிடித்த இன்னொரு மரம் கிடைக்க வேண்டும். ஆகவே ஒரு வட்டாரத்தில் உள்ள ஆலமரங்கள் ஒரே சமயத்தில் காய்த்துத் தீர்ந்துவிட்டால் குளவி இனமே போய்விடும். அவை வேறு வேறு மாதங்களில் காய்க்கின்றன. அதனால்தான் மற்ற மரங்களில் பழம் இல்லாத காலத்திலும் குக்குறுவானுக்கும் மைனாவுக்கும் வௌவாலுக்கும் எங்காவது ஓர் ஆலம்பழம் கிடைக்கிறது.

எண்ணிக்கையில் கொஞ்சமாக இருந்தாலும், எடுத்துவிட்டால் மொத்த அமைப்பும் குலைந்துபோகும் என்ற நிலையில் உள்ள உயிரை ஆதாரச் சிற்றினம் என்கிறார்கள். இந்தக் கருத்தைத் தந்தவர் ராபர்ட் பெய்ன். 1960-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் பொறுக்கி வெளியே எறிந்துகொண்டே வந்தார். நட்சத்திர மீன்களுக்கு இரையாகிவந்த சிப்பிகள் பெருகிப் பாறையை அடைத்துக்கொண்டன. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 ஆகிவிட்டது. எதை எடுத்தாலும் இப்படி ஆகாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நம்மூரில் எந்த விலங்கைக் காப்பாற்றுவது பற்றிப் பேசினாலும் உடனே அதை ஆதாரச் சிற்றினம் என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படியில்லை. ஆல், அத்தி வகை மரங்களுக்கு அந்தப் பெயர் பொருந்தும்.

எதிர்ப்பக்கம் அயல் ஊடுருவல் இனங்கள். ஆகாயத்தாமரையும் ஓர் உற்பத்தியாளர்தான். ஆனால் நீர்ப்பரப்பை மூடி வெயிலை மறித்து மற்ற உற்பத்தியாளர்களை அழிக்கிறது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி மீன் கிடைத்ததைத் தின்று, ஆண்டுக்குப் பலமுறை இனம்பெருக்கி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏரிக்கரைகளில் சீமைக் கருவேலம் படர்ந்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோடையில் எல்லாரும் எங்கே போகிறார்கள்

ஏரி வற்றிவிட்டால் சூழல் மண்டலம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பறவைகள் கிளம்பிவிடும், உண்மைதான். நத்தை ஈரச்சேற்றுக்குள் புதைந்து, ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தெரிந்த விரால் கலங்கல் குட்டையிலும் ஈரச்சேற்றிலும் நாள் தள்ளும். நீர்த்தெள்ளு வறட்சியைத் தாங்கும் கெட்டி ஓட்டு முட்டைகளை விட்டுவிட்டுச் சாகும். அவை வறண்ட மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து தண்ணீர் பட்டதும் பொரியும். வெடித்த ஏரிப்படுகையில் புல் முளைக்கும், ஆடுமாடு மேயும், சாணம் விழும், சாணி வண்டு வந்து சேரும். தண்ணீர் மண்டலம் இருந்த இடத்தில் சில மாதம் ஒரு புல்வெளி நடக்கும்.

அப்புறம் விவசாயிகள் வருவார்கள். ஏரியில் படிந்த வண்டலை வெட்டி வண்டியிலும் டிராக்டரிலும் ஏற்றி வயலுக்கு அடிப்பது பழைய வழக்கம். மட்கிய தாவரம், மீன் முள், பறவை எச்சம், பாக்டீரியா கரைத்துப் போட்டது எல்லாம் அந்த வண்டலில் இருக்கிறது. வண்டல் போன ஏரியில் ஆழம் கூடும், அடுத்த வடகிழக்குப் பருவமழையில் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும். உணவு வலைப் படத்தில் மனிதரை எங்கே வரைவது என்று கேட்பவர்கள் வண்டல் வண்டிக்கும் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளலாம்.